மேல் தட்டின் சூடு

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்குக் கூலிங், சின்னவர்களுக்குக் கூலிங் அண்ணன். கடை என்பது ஒற்றை ஷட்டர் போட்ட அறை. உள்ளே பிரித்துப்போட்ட கம்ப்ரசர்கள், சுருட்டி வைத்த செம்புக் குழாய்கள், கதவில்லாத ஃபிரிட்ஜ்கள், ஃபிரிட்ஜ் இல்லாத கதவுகள். கை சுத்தமான வேலைக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். யார் வீட்டுக்குப் போனாலும், தனக்கு முன் அங்கே வேலை பார்த்தவனைத் திட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். "எவன் கை வச்சான் இதுல?" என்பதுதான் அவர் வணக்கம் சொல்லும் விதம்.

சொந்த வீட்டில் அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை இன்னும் நன்றாக ஓட வைக்கப் பார்ப்பார். சத்தமில்லாத மின்விசிறியைக் கழற்றுவார், குளியலறைக் குழாயை மாற்றுவார். "எங்க வீட்ல ரிப்பேர் ஆகாத பொருள் நான் ஒருத்திதான்" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணிடம் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே மகள் கல்யாணமாகிப் போன பிறகு மனைவிக்குப் பொழுது கனத்துப் போனது. மொட்டைமாடியில் மூன்று கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்தாள். அதில் கறுப்புக் கால் கோழி ஒன்று. குளிர் காலத்திலும் முட்டையிடுவதை நிறுத்தாது. ஆனால் அடைக்கு உட்காரச் சொன்னால் மட்டும் கூடையை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடும். அதன் வம்சம் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"என்னங்க, குஞ்சு பொரிக்கிற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடுங்களேன்."

"காலம் பூரா குளிர வச்சுக்கிட்டு இருக்கறவன்கிட்ட வந்து சூடு கேக்கறியே!"

கேலி செய்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துகொடுத்தார். கம்ப்ரசர் செத்துப்போன ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அடியில் இரண்டு குண்டு பல்பு, பின்சுவரில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காற்றாடி, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் மலிவான தெர்மோஸ்டாட், அடித்தட்டில் தண்ணீர்க் கிண்ணம், முட்டைகளுக்கு மேல் தட்டு. கதவில் உள்ளே பார்க்க ஒரு சிறு கண்ணாடி பதித்தார். கதவு ரப்பர் நல்ல நிலையில் இருந்ததால் சூடு வெளியே போகவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அதை நிறுத்திவிட்டு மறந்துபோனார்.

அவள் மறக்கவில்லை. முதலில் வைத்த முட்டைகள் எல்லாம் கெட்டன. அடுத்த முறை ஓட்டைக் கொத்திய குஞ்சுகள் வெளியே வர முடியாமல் உள்ளேயே காய்ந்துபோயின. ஈரம் போதவில்லை என்று அவளாகக் கண்டுபிடித்து, கிண்ணத்தை எடுத்துவிட்டு அகலமான தட்டு வைத்தாள். தெர்மோஸ்டாட்டை நம்பாமல், முட்டைகளுக்கு நடுவிலேயே ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரைப் படுக்க வைத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில் பெருக்கல் தெரிந்தால் மாலையில் வட்டம் தெரிய வேண்டும். அட்டையில் ஓட்டை போட்டு டார்ச்சை மூடி, இருட்டுக்கு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு முட்டைகளைப் பார்ப்பாள். கரு பிடித்த அடையாளமாகச் சிவப்பு நூல்கள் சிலந்தி போல் கிளை விட்டிருந்தால் உள்ளிருந்தே கத்துவாள்: "இங்க வாங்க, இங்க வந்து பாருங்க!"

அவர் வந்து பார்ப்பார். "ம்ம், சரிதான்" என்பார். போய்விடுவார்.

மூன்றாம் முறை குஞ்சுகள் வந்தன. பிறகு வந்துகொண்டே இருந்தன. தையல்காரப் பெண் வாங்கினாள், அவள் சொல்லி இன்னும் நாலு பேர் வாங்கினார்கள். சொந்த முட்டையைக் கொண்டுவந்து, "அக்கா, இதையும் சேத்து வைங்கக்கா" என்று கெஞ்சியவர்களும் உண்டு. புது ஆட்களிடம் அதிகம் பேசாத மனைவி வாசலில் நின்று ஈரம் பற்றியும் சூடு பற்றியும் கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஒரு பெரிய வீட்டில் ஃபிரிட்ஜுக்குக் காஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க அந்தக் கோழியம்மா வீட்டுக்காரரா? என்ன கைராசிங்க அவங்களுக்கு!"

"பெட்டி நான் செஞ்சது" என்றார் மெக்கானிக்.

"அப்படியா?" என்ற வீட்டுக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கொடுத்த குஞ்சுகள் இப்போது எவ்வளவு பெரிதாகிவிட்டன என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் சிரித்துத் தலையாட்டினார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் செருப்புக்குள் கல் போல அது உறுத்திக்கொண்டே வந்தது.

அந்த மழைக்காலத்தில் நாய் ஒன்று மாடியேறி வந்து கறுப்புக் கால் கோழியைக் கடித்துப் போட்டது. மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதன் கடைசி முட்டைகள் சமையலறைக் கூடையில் இருந்தன. துடைத்து, குறி போட்டு, பெட்டியில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றிலும் நரம்பு ஓடியிருந்தது.

மேலும் ஒரு வாரம் போனதும் அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆளில்லை. கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"காலையும் சாயங்காலமும் திருப்பி வைங்க. தட்டுல தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. கேட்டுதா?"

"இதைச் செஞ்சவனுக்கே சொல்லித் தர்றியா?"

"உங்களுக்குத்தான் சொல்லணும்."

இரண்டு நாள் சொன்னபடி செய்தார். மூன்றாம் நாள் காற்றாடியின் கடகட சத்தம் காதில் விழுந்தது. கடையில் புது டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்று வந்து கிடந்தது. சிவப்பு எழுத்தில் சூட்டைத் துல்லியமாகக் காட்டும். அதை மாட்டினால் அவள் திரும்பி வந்து அசந்துபோவாள், பார்க்க வருகிறவர்களிடமும் காட்டுவாள் என்று நினைத்தார். பழையதைக் கழற்றினார். இவ்வளவு நல்ல கருவி இருக்கும்போது காற்றாடி எதற்கு என்று அதன் ஒயரையும் எடுத்துவிட்டார். சூட்டை உணரும் முனையைக் கீழே, தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒயர் அதுவரைதான் எட்டியது. கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்து மேஜை டிராயரில் போட்டார்.

சிவப்பு எழுத்து, வேண்டிய அதே முப்பத்தேழரை டிகிரி என்று காட்டியது. அசையவே இல்லை. மனைவி போனில் கேட்கும்போதெல்லாம், "எல்லாம் டாப்பா இருக்கு" என்றார். அப்போது அது அவருக்குப் பொய்யில்லை.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது. முட்டைகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுநாள் காலை, என்னவோ தோன்றி, மேல் தட்டில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். டிராயரிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து முட்டைகளுக்கு நடுவில் வைத்தார். பாதரசம் நாற்பதைத் தாண்டி நிற்காமல் ஏறியது.

குளிர்ந்த காற்று கீழே தங்கும், சூடு மேலே போகும். எத்தனை வீடுகளில் இதைச் சொல்லிக் காசு வாங்கியிருப்பார்! கலக்கிவிடக் காற்றாடி இல்லாமல், கீழே ஈரத்துக்குப் பக்கத்தில் குளிர்ச்சியை அளந்துகொண்டு, மேலே முட்டைகளை வேக வைத்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கடை திறக்கவில்லை.

மதியம் மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியிடம் போனாள். புதுக் கருவியைப் பார்த்தாள். முட்டை ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல அப்போது நேரம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"முட்டை சரியில்ல போல. நாய்க்குப் பயந்து போன கோழி பாரு, கரு நிக்காமப் போயிருக்கும்."

அவள் முட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மெதுவாக உடைத்தாள். உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சு. ஈரத்தில் ஒட்டிய மயிர். தலையை இறக்கைக்குள் புதைத்திருந்தது. மடங்கியிருந்த கால்கள் கறுப்பு.

அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் எல்லா முட்டைகளையும் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்த மாதமே மிச்சக் கோழிகளைத் தையல்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். "ஏன்க்கா?" என்று அவள் துருவித் துருவிக் கேட்டதற்கு, "மாடி ஏறி இறங்க முடியலம்மா" என்றாள். பிறகு கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நிறம் கலக்கும் மெஷினில் நிற்கும் வேலை. காலையில் போனால் இருட்டும் நேரத்தில் வருவாள். விரல் இடுக்கில் நீலமோ மஞ்சளோ இருக்கும்.

பெட்டி சும்மா நின்றது. பல்பு எரியாத அந்த ஃபிரிட்ஜைத் தாண்டி ஒவ்வொரு முறையும் சமையலறைக்குப் போவது அவருக்குப் பாரமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் தையல்காரப் பெண்ணிடம் போய் முட்டை கேட்டார்.

"என்னண்ணே, நீங்களா வைக்கப் போறீங்க?"

"ஆமா. யார்கிட்டயும் சொல்லாத."

காற்றாடியைத் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினார். டிஜிட்டலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய தெர்மோஸ்டாட்டை வைத்தார். தெர்மாமீட்டரை அது இருந்த இடத்திலேயே படுக்க வைத்தார். குறி போட்டார், திருப்பினார், தண்ணீர் ஊற்றினார். அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தபோது சிவப்பு நூல்கள் தெரிந்தன. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது முதல் ஓட்டில் விரிசல் விழுந்தது. "ஒரு நிமிஷம் வாயேன்" என்றார். வந்தாள். கதவின் சிறு கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தார்கள். மூக்கு நுனி தெரிந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வெகுநேரம் அப்படியே இருந்ததும் அவர் கை கதவுப் பிடிக்குப் போனது.

"கை வைக்காதீங்க. அதுவா வரட்டும்."

கையை இழுத்துக்கொண்டார். ஓடு இரண்டாகப் பிளந்து, ஈரக் குஞ்சு தட்டில் சரிந்து விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு நான்தான் கெடுத்தேன். சூடு ஏறிப்போச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு."

"தெரியும்" என்றாள். "யார் கையிலயும் முட்டை கெடும். நானும் கெடுத்திருக்கேன். அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்…"

"முட்டை சரியில்லன்னு சொன்னீங்க பாருங்க. என் கோழியச் சொன்னீங்க. செத்துப்போன கோழி வந்து இல்லன்னா சொல்லும்?"

அவர் கதவிலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இது நல்லா வந்திருக்கு" என்று பெட்டியைக் காட்டிச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "ஈரம் காயுற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். திறந்துடாதீங்க."

"இனிமே நீயே பாத்துக்கயேன். நான் கிட்டயே வரமாட்டேன், சத்தியமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவருக்காக யோசித்தது போல இருந்தது. "இல்லைங்க. எனக்கு இப்ப அதுல மனசு போகல" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டினாள்.

அன்று வந்த குஞ்சுகளைத் தையல்காரப் பெண்ணே எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் அப்புறம் முட்டை வைக்கவில்லை. மகள் வந்திருந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்து, "அப்பா, இதுல அம்மா குஞ்சு பொரிக்கறதில்லையா இப்ப?" என்று கேட்டாள். "அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி" என்றார். அதிலும் பாதிதான் உண்மை என்று சொன்ன பிறகு தோன்றியது. திருத்தவில்லை.

சில வாரம் கழித்து, கடைவீதியில் ஒரு வேலை முடிந்து காஸ் சிலிண்டரோடு வந்துகொண்டிருந்தவர் பெயிண்ட் கடை எதிரில் வண்டியை நிறுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் மனைவி ஒரு தம்பதிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். சுவரைக் காட்டி, வெளிச்சம் வரும் பக்கத்தைக் காட்டி, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவர்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பார்த்துவிட்டாள். வாசலுக்கு வந்தாள்.

"என்ன, சாவிய மறந்துட்டீங்களா?"

"இல்ல. சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

"சரி. வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.