கோலி வராத ஞாயிறு

அந்த ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்தவர்கள் இவர்கள். தங்கராஜ் அண்ணன், எங்கள் கேப்டன், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பவர். மாரி, ஸைக்கா மிதிப்பவன். ஸைக்கா என்றால் பக்கத்தில் ஆள் உட்கார இடம் வைத்த சைக்கிள். எலெக்ட்ரிஷன் அந்தோணி. தையல்கார வேலு. யங்கோனின் பபேடான் பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இஸ்மாயில், கூடவே அவர் மகன். பள்ளிக்கூடம் முடித்த இரட்டையர் குமாரும் சூரியும். கோ தூன், பர்மியர், தமிழில் வசவு மட்டும் தெரிந்தவர். பிறகு நான். செல்வம் வரவில்லை.

செல்வம் எங்கள் கோலி, கால்பந்தில் கோல் காப்பவன். மழையில் மைதானம் குளமாகக் கிடந்தாலும் முதல் ஆளாய் வந்து கம்புக்கு நடுவில் நிற்பவன். அவன் வரவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒருவன் ஆட்டத்துக்கு வரவில்லையென்றால் நாலு பேர் அவன் வீட்டு வாசலில் நின்று கத்துவார்கள். அவன் அம்மா வெளியே வந்து திருப்பிக் கத்துவாள். விஷயம் தெரிந்துவிடும். யங்கோனிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை. இது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற காலம். பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வரைக்கும் எந்த ஆம்பிளைக்கும் எப்போதும் அழைப்பு வரலாம். செல்வத்துக்கு இருபத்தெட்டு. வராதவனைப் பற்றிக் கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் எல்லோரும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்தவர்களும் அவிழ்த்துக் கட்டினார்கள்.

“கோல்ல யாரு நிக்கிறது?” என்று மட்டும் தங்கராஜ் அண்ணன் கேட்டார்.

“நான் நிக்கிறேன்” என்றேன். ஓடுகிற வயது எனக்குப் போய்விட்டது.

“ஒங்களுக்கு ஒசரம் பத்தாதே.”

“அண்ணன் உளுந்து மூட்டையையே தாவிப் பிடிக்கிறவரு. பந்தப் பிடிக்க மாட்டாரா?” என்றான் மாரி. கோ தூன் தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்று சொன்னார். இரட்டையர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிறகு ஆடினோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவன். ஊர்க்காரர் ஒருவர் பருப்பு வியாபாரத்துக்கு இங்கே ஆள் கேட்டார், வந்தேன். துறைமுகத்துப் பக்கம் கிட்டங்கியில் உளுந்தும் துவரையும் மூட்டை போடுவது வேலை. மூட்டை கப்பல் ஏறிச் சென்னைக்குப் போகும். என் வீட்டில் அரைக்கிற உளுந்தில் நான் தொட்டதும் இருக்கலாம். மூட்டை போகிறது, நான் போவதில்லை. வந்த புதிதில் பாஷை தெரியாது. கிட்டங்கியில் வாயே திறக்காமல் ஒரு வாரம் போகும். ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லாமல் மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதை ஓரமாக நடப்பேன். அங்கேதான் இந்த மைதானம். பெரியவர்களும் பையன்களும் கலந்து ஆடுவார்கள். வெளியே நின்று பார்ப்பேன். ஒரு நாள் கோலில் நின்ற விடலைப் பையன் என்னைப் பார்த்துப் பர்மியில் என்னவோ கத்தினான். விழித்தேன். உடனே தமிழுக்கு மாறினான்.

“அண்ணே, அங்க நில்லுங்க. பந்து வந்தா ஒதைங்க. வரலன்னா சும்மா நில்லுங்க.”

அதுதான் செல்வம். அவன் அப்பா தமிழர், இறந்துவிட்டார். அம்மா பர்மியப் பெண். வீட்டில் பேச்சு எல்லாம் பர்மி. அவன் பேசுகிற தமிழில் பாதி சொல் அந்தப் பாஷை. சம்பளத்துக்கு லகா என்பான். ஆனால் பசி என்று வந்துவிட்டால் “சோறு தின்னாச்சா?” என்று நம் ஊர்க்காரன் மாதிரி கேட்பான். அவன் அன்றைக்குச் சொன்ன அந்த இரண்டு பேச்சை வைத்துத்தான் இந்த நாட்டில் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். வருவதை உதைத்தேன். வராதபோது சும்மா நின்றேன்.

ஞாயிறு மதியம் அவனுக்குப் போன் போட்டேன். அணைந்து கிடந்தது. திங்கள் காலையும் அப்படியே. தங்கராஜ் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார், யாரைக் காணவில்லையென்றாலும் சர்க்கார் ஆபீஸ் எதற்கும் போகாதீர்கள், நாமே போய் அவன் பேரைக் கிளறின மாதிரி ஆகும் என்று. சரி, வீட்டுக்காவது போவோம் என்று புறப்பட்டேன். இத்தனை வருடத்தில் அவன் வீட்டுக்கு நான் போனதில்லை. தெரு தெரியும், அவ்வளவுதான். அறியாத வீட்டு வாசலில் போய் நிற்கும்போது ஆள் மரியாதையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். இருக்கிற ஒரே பேன்ட்டைத் தேய்த்துப் போட்டேன். முழுக்கைச் சட்டை. ஷூ. கக்கத்தில் ரெக்ஸின் பை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வாசலில் ஒரு அம்மா வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவரை டோ ஸான் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த பர்மியில் கேட்டேன்.

“இந்த வீட்டுப் பிள்ளை எங்கே?”

“எந்தப் பிள்ளை?”

“அம்மாவும் மகனும் இருப்பார்களே.”

“அப்படி யாரும் இல்லை.”

“கதவில் பூட்டு தொங்குகிறதே.”

“பூட்டு தொங்குகிறது. ஆள் இல்லை.”

“எங்கே போனார்கள்?”

அவர் அடுப்பை அணைத்தார். பொரித்ததும் பொரிக்காததுமாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எதிரே சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வாலிபர்களையும் காணவில்லை. சீட்டு மட்டும் கிடந்தது. நான் திரும்பி நடந்தேன். ஒரு தெருவே சேர்ந்து வாயை மூடுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நினைத்தேன். அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாக்காரி பின்னாலேயே அழுதுகொண்டு போயிருக்கிறாள்.

மறுநாள் ஐஸ் கடைக்குப் போய்த் தங்கராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன உடுத்திக்கிட்டுப் போனீங்க?”

“பேன்ட்டு.”

“ஷூவுமா?”

“ஆமா.”

“கையில பையி?”

“கக்கத்துல.”

“பாக்கெட்ல பேனா குத்தியிருந்தீங்களா?”

“ரெண்டு.”

ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். “இந்தக் காலத்துல பேன்ட்டும் பேனாவுமா ஒரு ஆளு வந்து எளந்தாரிப் பையன் எங்கன்னு கேட்டா, பெத்தவளே பெக்கலன்னுதான் சொல்லுவா. லொஞ்சி கட்டிக்கிட்டு வாங்க. நானும் வர்றேன்.”

லொஞ்சி என்றால் கைலி. இங்கே ஆபீசில் பெரிய வேலை பார்ப்பவரும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவார். கைலியோடு பிறர் வீட்டுக்குப் போவது எங்கள் ஊரில் மட்டம். இந்தத் தெருவில் கைலி கட்டாமல் போனதுதான் வினையாகிவிட்டது. லொஞ்சி கட்டி, மேலே எங்கள் கிளப்பின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். அதே அம்மா, அதே சட்டி. பனியனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தங்கராஜ் அண்ணன் தோளில் கரண்டியால் ஒரு போடு போட்டார்.

“பந்துக்காரன் என்று சொல்லக் கூடாதா இந்தக் கலா? நேற்றுப் பூராவும் என் பேரனை அரிசி டின்னுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன்!” கலா என்றால் இந்தியாக்காரன். நல்ல சொல் இல்லை. அன்றைக்கு இனித்தது.

செல்வத்தின் தாய்மாமன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டே ஊரில் இறந்துபோனாராம். சனிக்கிழமை முதல் படகிலேயே அம்மாவும் மகனும் போய்விட்டார்கள். கரண்டு வந்தால் ஏறட்டும் என்று சொருகிவைத்த போனை வீட்டுக்குள்ளேயே மறந்துவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதி இறங்கவில்லை. “பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா?” என்று கேட்டேன். டோ ஸான் பழத்தைப் புரட்டினார். வழியில் சோதனை இருக்கிறது, சேர்ந்ததாகச் சேதி இல்லை என்றார்.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு, த்வாண்டே போக அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் படகு ஏறினேன். படகுத்துறையில் வெளிநாட்டுக்காரனுக்குத் தனி டிக்கெட், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். என் பாஸ்போர்ட் பையில் சுற்றி லொஞ்சி மடிப்பில் சொருகியிருந்தது. ஜன்னலில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துத் தந்தாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன். வந்த புதிதில் இது நடந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். டலாவிலிருந்து மோட்டார் சைக்கிள். இரண்டு பக்கமும் வயல். சோதனைச் சாவடி தெரிந்ததுமே ஓட்டுகிற பையன் வண்டியை அணைத்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான். அவனிடம் அடையாள அட்டை கேட்டார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கிழவன். கேட்டிருந்தாலும் பாஸ்போர்ட்டை மடிப்பிலிருந்து எடுத்து நீட்டியிருப்பேன், விட்டிருப்பார்கள். இந்த நாட்டில் எனக்குப் பயமில்லாமல் போனது நான் இந்த நாட்டுக்காரன் இல்லை என்பதால்தான். அந்தப் பையனுக்கு அந்த வசதி கிடையாது. செல்வத்துக்கும் கிடையாது.

த்வாண்டேயில் மாமன் வீட்டில் கேட்டதற்கு மடத்தைக் கைகாட்டினார்கள். புத்த மடம். பெரிய மரத்தடி, கூட்டிச் சுத்தமாக்கிய வாசல். செங்காவி உடுத்திய ஒரு சாமி விளக்குமாற்றால் இலை கூட்டிக்கொண்டிருந்தார். மொட்டைத்தலை. விளக்குமாற்றைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பந்து பட்டு வளைந்த விரல். அன்றைக்கு நான்தான் பிடித்து இழுத்து நிமிர்த்தப் பார்த்தேன், நிமிரவில்லை.

“டேய் செல்வம்! போனை எங்கடா போட்டே, எருமை!”

சோற்று அடுக்கோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அவன் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இங்கே ஒருவர் இறந்தால் பிள்ளையோ மருமகனோ மொட்டை போட்டுக் கொஞ்ச நாள் சாமியாக இருப்பார்கள். அந்தப் புண்ணியம் இறந்தவருக்குப் போகும். மாமனுக்குப் பிள்ளை இல்லை. இவன் காவி கட்டிவிட்டான். காவி கட்டியவனை அம்மாவும் கும்பிட வேண்டும். நான் எருமை என்றிருக்கிறேன்.

கும்பிடுவோம் என்று பட்டது. பர்மியர் முட்டிபோட்டு, நெற்றி தரையில் படக் கும்பிடுவார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் விழுகிற மாதிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்த பிறகு எழுந்திருக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிடித்துவைத்திருந்தது எல்லாம் அந்தத் தரையில் இறங்கியது. மண் குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேல் பெண்கள் கத்தினார்கள். வெயில், மயக்கம், தண்ணீர் கொண்டு வா என்று ஓடினார்கள். ஒருத்தி என் கழுத்தில் தைலம் தேய்த்தாள்.

“மயக்கம் இல்லை, கும்பிடுகிறேன்” என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டே. இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்தாள்.

எழுந்து முட்டிபோட்டபோது லொஞ்சி தளர்ந்து பாஸ்போர்ட் வெளியே விழுந்தது. பை அவிழ்ந்து, சிங்கம் போட்ட அட்டை அவன் கால்மாட்டில் மேல்பக்கமாகக் கிடந்தது. காவி கட்டியவர் பதிலுக்குக் கும்பிடக் கூடாது. அவன் நேராக நின்றான். அட்டையைப் பார்த்தான், மண் அப்பிய மஞ்சள் பனியனைப் பார்த்தான், கட்டத் தெரியாமல் கட்டிய என் லொஞ்சி முடிச்சைப் பார்த்தான். நான் அட்டையை எடுத்துத் துடைத்தேன். எங்கே சொருகுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“டகா” என்றான். காவி கட்டினால் அண்ணன் என்று கூப்பிட மாட்டார்கள். காவி கட்டாத நமக்கெல்லாம் டகா என்றுதான் பெயர்.

“சொல்லுங்க சாமி.”

“ஞாயித்துக்கெழம கோல்ல யாரு நின்னது?”

“நான்தான்.”

விளக்குமாற்றைக் கை மாற்றிக்கொண்டான். பக்கத்தில் யாரும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“எத்தனை கோல் வாங்குனீங்க?”

சாமியிடம் பொய் சொல்லக் கூடாது.

“ஒன்பது.”