ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டு

மாமாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பாதி ஊர் அவர் தயவில்தான் மாடி ஏறுகிறது என்று அப்பா சொல்வார். மீதிப் பாதி அவர் தயவில் நடுவழியில் நிற்கிறது என்றும் சேர்த்துக்கொள்வார்.

கிரீஸ் ஏறிய நகங்கள். எங்கே உட்கார்ந்தாலும் அந்த விரல்கள் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருக்கும். முதலில் மூன்று, பிறகு இரண்டு, மறுபடி இரண்டு. சாப்பாட்டு மேசை, பஸ் கம்பி, தூங்குகிற மனிதரின் முதுகு, எதுவும் தப்பாது. அது அந்த இசைத்தட்டின் மூன்றாவது பாட்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. 'அது' என்றால் அதுதான்.

எங்கோ ஒரு நாட்டு ராக் குழு. மாமாவும் அப்பாவும் அந்தத் தட்டை வாங்கும்போதே குழு கலைந்துவிட்டிருந்தது. பழைய சாமான் கடையொன்றில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதன்மேல் கை வைத்திருக்கிறார்கள். ஒருவர் லிஃப்ட் கம்பெனியில் வேலை பழகிக்கொண்டிருந்தவர், இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சேர்ந்து வாங்கி, தட்டை மாமாவும் உறையை அப்பாவும் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டும் ஒன்று சேரும். அந்தப் பழக்கத்தில்தான் மாமாவின் தங்கையை அப்பா பார்த்ததும், கல்யாணம் நடந்ததும்.

"என்னைப் பொண்ணு பாக்க யாரும் வரல. இவங்க ரெண்டு பேரும் பாட்டுக் கேக்க உக்காந்தாங்க. நடுவுல டீ கொண்டுபோனது என் தப்பு" என்பாள் அம்மா.

ராக் என்று பெயர்தான். ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், நாற்பது பேர் ஒன்றாகக் கூவுவார்கள், திடீரென்று ஒருவர் மட்டும் கித்தாரை வருடிக்கொண்டு எதையோ தேடுவார். பாடகர் வாய் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். திறந்தாலும் விட்டில் பூச்சிகளின் அரசனைப் பற்றித்தான் பாடுவார். என் ஆத்மா ஒரு நீண்ட நடைக்கூடம் என்று ஓர் இடம் வரும். மாமா கண்ணை மூடிக்கொள்வார்.

"தினமும் கூட்டிப் பெருக்கணுமே" என்பார் அப்பா.

"உனக்கெல்லாம் சினிமாப் பாட்டுதான்டா லாயக்கு. சினிமாப் பாட்டு லிஃப்ட் மாதிரி. பட்டன அமுக்கினா கொண்டுபோய் விட்டுடும். இது படிக்கட்டு மாப்ள. ஏறணும். ஏறினவனுக்குத்தான் தெரியும்."

"மூச்சு வாங்கறது தெரியும்."

உறைப் படத்தில் ஒரு மணிக்கூண்டு கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும். உச்சியில் குடை பிடித்த ஒரு மனிதர். அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பதில் இருவருக்கும் வருஷக்கணக்காக வழக்கு. லிஃப்ட் கூண்டுக்குள் எதிரொலி பிரமாதமாக இருக்கிறதென்று புல்லாங்குழல் பகுதியை மாமா வாயால் ஊதப்போய், ஆறாவது மாடிக்காரர் ஆள் மாட்டிக்கொண்டதாக நினைத்துத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட கதையும் உண்டு. அத்தை அதைச் சொல்லும்போதெல்லாம் மாமா முகத்தைத் தொங்கப்போட மாட்டார். "சுருதி சரியா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்பார்.

ஒவ்வொரு வாரமும் அப்பா அந்த ஆர்கனுக்குப் புதிதாக ஒரு வசவு வைத்திருப்பார். மாவு மிஷினில் சாவி விழுந்துவிட்டது. பல் டாக்டருக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லமாட்டார். மாமா அதற்காகவே வருகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா எங்களோடு கிடந்தார். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

வீடு வந்த முதல் ஞாயிறன்று, பழைய சட்டையில் தட்டைச் சுற்றிக்கொண்டு மாமா வந்து நின்றார்.

"இன்னிக்கு வேணாமே அண்ணா" என்றாள் அம்மா.

"இது மருந்தும்மா. டாக்டருக்கு எழுதத் தெரியல, அவ்வளவுதான்."

முள்ளை வைத்தார். ஆர்கன் எழுந்தது. அப்பா பிளேயரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்திரக்கடைக்குள்ள பூனை பூந்த மாதிரி இருக்கு மச்சான்."

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சிரிப்பு. "தங்கச்சி! வந்துட்டான்! முழுசா வந்துட்டான் உன் புருஷன்!" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் எல்லோரும் முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். அப்புறம் அவரும் சிரித்தார். வலது கை படுக்கை விரிப்பின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் பாத்திரம்தான். அதற்கடுத்த ஞாயிறும் பாத்திரம். மாமா ஒவ்வொரு தடவையும் சிரித்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் செய்தி மட்டும் வைப்பார். விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைப்பார். பக்கத்து வீட்டில் யாராவது பாட்டுப் போட்டால் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்தான் கண்டுபிடித்தாள். ஏதோ நினைப்பில் ஒரு மெட்டை முணுமுணுத்துவிட்டு, "இது என்ன பாட்டு சொல்லுங்க சார்" என்றாள்.

"ஏதோ முனகறீங்க."

"சும்மா சொல்லுங்க. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"முனகல்தான் கேக்குது."

அது பிறந்தநாள் பாட்டு.

அம்மா போன் செய்ததும் மாமா வேலையை விட்டுவிட்டு ஸ்பானர் பையோடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"காது நல்லாத்தானே இருக்கு மேடம்? நாம பேசறது கேக்குதே."

"காது நல்லா இருக்கு. பேச்சும் புரியுது. சத்தங்களச் சேத்துப் பாட்டா ஆக்கற இடம் ஒண்ணு உண்டு. அங்க அடி."

"அத ரிப்பேர் பண்ண வழி?"

"சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். பலருக்கு இல்ல. நீங்க ரொம்ப எதிர்பாக்காதீங்க."

அவளிடம் மாமா தலையாட்டினார். ஆனால் அவர் லிஃப்ட்காரர். நின்றுபோன லிஃப்ட்டில் மோட்டாரா, கயிறா, கதவா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். அந்த ஞாயிறு புல்லாங்குழலை மட்டும் போட்டார். பிறகு குரல் மட்டும் வருகிற இடம். பிறகு சத்தத்தைக் குறைத்து, பிறகு ஒரு காதை மட்டும் பொத்தச் சொல்லி. அப்பா பொறுமையாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமா இசையை நிறுத்திவிட்டு அப்பாவின் உள்ளங்கையில் தட்டினார். மூன்று, இரண்டு, இரண்டு. அப்பா திருப்பித் தட்டினார். பிசகே இல்லை.

மாமாவின் முகம் மலர்ந்தது. "இருக்குடா! உள்ள இருக்கு!"

"எண்ணிக்கை இருக்கு மச்சான். பக்கத்து வீட்டுல ஆணி அடிச்சாலும் எண்ணலாம்."

"கொஞ்சம் கொஞ்சமா..."

"முதல் நாள்லேர்ந்தே இப்படித்தான். தகரத்தை இழுக்கற சத்தம். தலைக்குள்ள வலிக்குது."

"அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. பாத்திரக்கடைன்னு சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்ச." அப்பா தன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில அத்தனை நாள் உன் மூஞ்சியப் பாக்க முடியல. அன்னிக்குத்தான் சிரிச்ச. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். வாராவாரம் பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

மாமா தட்டைச் சட்டையில் சுற்றத் தொடங்கினார். ஒரு சட்டைக் கை வெளியே தொங்கியது. அதை மறுபடி மறுபடி உள்ளே திணித்தார்.

"இனிமே போடல."

"உன் வீட்டுல போட்டுக்கோ மச்சான். நீ ஏன் விடணும்?"

"திட்டறதுக்கு ஆள் இல்லாம எப்படிக் கேக்கறது?"



போன ஞாயிறு மாமா வெறுங்கையோடு வந்தார். வழக்கமான நாற்காலி. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அம்மா சமையலறைக்குள் போய் வேண்டுமென்றே நேரமெடுத்தாள்.

"மோட்டார் தண்ணி ஏத்துதா?"

"ஏத்துது."

"நடுவுல நிக்குதா?"

"இல்ல, நல்லா ஓடுது."

"ம்."

சுவர்க் கடிகாரத்தை இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

"எதிர்வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க போல."

"ஆமா. பச்சை."

"பச்சையா?"

"பச்சைதான்."

இருவரும் கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடையில் புது ஆள் போட்டுவிட்டார்களா என்று மாமா கேட்டார். போட்டுவிட்டார்கள் என்றார் அப்பா. அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்பது மாமாவின் முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவு வருஷம் எதிரும் புதிருமாகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு பேர், தெரியாத ஊர் ரயில் நிலையத்தில் ஒரே பெஞ்சில் இடம் கிடைத்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

டீயைச் சூடாகவே குடித்துவிட்டு மாமா எழுந்தார். "வேலை இருக்கு மாப்ள." ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு நாளும் வேலை இருந்ததில்லை. அப்பா, "ஆமா, பாரு, பாரு" என்றார். ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது அவர் குரல். அது மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

வாசல்வரை போகச் சொல்லி அம்மா எனக்குக் கண் காட்டினாள். மாமா நான்கைந்து படி இறங்கியபின் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"உங்கப்பாவுக்கு வேற என்னடா பிடிக்கும்?"

நான் யோசித்தேன். சீட்டாட்டம் கிடையாது. பந்தாட்டம் பார்க்கமாட்டார். செடி வளர்க்கவில்லை. புத்தகம் தொடமாட்டார். கடை உண்டு, நாங்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. அதற்குமேல் எதுவும் கைக்கு அகப்படவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

அங்கேயே யோசித்துவிடுவேன் என்பதுபோல அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

"அவசரமில்ல" என்றார் கீழே திரும்பும் இடத்திலிருந்து. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்."