இரண்டு பூட்டு போடச் சொன்ன எங்கள் அம்மா

எங்கள் அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்கள் பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை இந்த நினைவு மலரில் முழுதாகச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா பிறந்தது திருச்சுழிக்குப் பக்கம். அருப்புக்கோட்டைக்கு மருமகளாக வந்து, அப்பா நெய்த தறிக்கொட்டகையிலேயே நூல் சுற்றினார். அங்கே நூல் அறைச் சாவி அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவிடம் இருந்தது.

யுத்த காலம். நூல் கிடைப்பதே அரிது. அப்போது அறையிலிருந்த நூல் குறைந்துகொண்டே வந்தது. நெசவாளர்கள் திருடுவதாக முதலாளி நினைத்தார். முதலாளியே கள்ளச்சந்தையில் விற்பதாக நெசவாளர்கள் நினைத்தார்கள். முதலாளி கொட்டகையைப் பூட்டி, போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவர் சொன்ன பெயர்களில் முதல் பெயர் அப்பாவுடையது. எங்கள் வீட்டில் கஞ்சிக்கும் வழியில்லை.

அம்மா முதலாளியிடம் போனார்.

"மொதலாளி, எம்மேல என்ன சந்தேகம்? மொதல்ல அதைச் சொல்லிருங்க."

"புருசனைக் காப்பாத்த வந்திருக்க. வேறென்ன?"

"நெசந்தான். அதனால நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்க எதை அவுககிட்டச் சொல்லச் சொல்றீகளோ, அதை மட்டும் சொல்றேன்."

நெசவாளர்களிடமும் அதையே கேட்டார். "ஒந் தம்பி கையில சாவி இருக்கு. ஒன்னை எப்பிடிம்மா நம்புறது?" என்றார் ஒரு மூத்த நெசவாளர். அம்மா கோபப்படவில்லை. பேச்சு முடியும்வரை எந்தத் தரப்பார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

பிறகு, இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஓர் எண்ணெய்ச் செக்குக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்தார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு; முதலாளிக்கு அது தெரியாது. அதனால் அம்மா அப்பாவிடம்கூட அங்கே தமிழில்தான் பேசினார்.

"எதிர்த்தரப்பு மனக்குறையை, அவுக ஒத்துக்கிற மாதிரி நீங்க சொல்லணும். ஒங்க குறை அப்புறம்."

முதலாளி தடுமாறினார். கடைசியில், "நூலை நானே வித்துட்டு இவுக மேல பழி போடுறதா நெனைக்கிறாக" என்றார். நெசவாளர்கள் முதன்முதலாகத் தலையாட்டினார்கள்.

"அப்ப எடுத்தது ஆரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "ஒருத்தரை ஒருத்தர் நம்புங்கன்னும் நான் சொல்லல. நூல் ரூமுக்கு ரெண்டு பூட்டு போடுவோம். ஒரு சாவி மொதலாளிகிட்ட, இன்னொண்ணு நெசவாளிககிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் கதவு தொறக்கணும்."

போலீஸ் பேச்சு நின்றது. தறிகள் ஓடின. நூல் குறைவது அன்றோடு நின்றது. சில நாட்களில் மாமா வேலையை விட்டுப் பந்தல்குடிக்குக் குடிபோனார். ஊர் ஏதேதோ பேசியது.

அதன்பின் தறிக்காரர் சண்டை, வரப்புத் தகராறு என்று பலரும் அம்மாவைத் தேடி வந்தார்கள். கோர்ட்டுக்குப் போகவிருந்த சில வழக்குகள் எங்கள் வாசலோடு முடிந்தன.

அம்மா நோயுற்றபோது வைத்தியம் பார்த்தவருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த நெசவாளர்களுக்கும், நேரில் வந்து நின்ற முதலாளி குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. கடைசி நாட்களில் பந்தல்குடியிலிருந்து வந்து, அம்மாவின் தலைமாட்டைவிட்டு நகராதிருந்த மாமாவுக்கும் நன்றி. காரியம் முடிந்து கிளம்பும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா கடைசிவரைக்கும் அந்த நூலைப் பத்தி எங்கிட்டக் கேக்கவே இல்லப்பா" என்றார்.

நானும் கேட்கவில்லை.