எலி கடித்த டியூப்

என் காருக்கு நிற்கத் தெரியாது. ஓடும்போது ஒழுங்காக ஓடும். லிந்துலைச் சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட நிறுத்தினால் போதும், குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கி, இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடும். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். நான் இறங்கி, பொனட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவன் போல முறைத்துப் பார்ப்பேன். அதனால் எங்கே போனாலும் இறக்கம் பார்த்தே நிறுத்துவேன். உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். மலைநாட்டில் இறக்கத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

மனைவி இறந்த பிறகு, தேயிலைத் தோட்டம் கிளாக்கருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டில் நான் மட்டும்தான். மகன் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடுவான்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அங்க மழையா?"

"மழைதான்."

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். கார் நோயில் விழுந்த பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தான்.

"அப்பா, போன என்ஜின் கிட்ட புடிங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்."

ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நிற்பேன். என் இருமலைக்கூட அவன் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"பிளக்க கழட்டி கழுவுனீங்களா?"

"கழுவிட்டேன். நான்தான் இன்னும் குளிக்கல."

"ஜோக் அடிக்காதீங்கப்பா. நாளைக்கு பெட்ரோல் பில்டர மாத்துங்க."

பில்டரை மாற்றினேன். கார்பரேட்டரைச் சுத்தம் செய்தேன். தலவாக்கலையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முதலாளி, என் தலையைக் கண்டதுமே சிரிப்பார். "வாங்க கிளாக்கர் ஐயா, இன்னக்கி எதக் கழட்டுனீங்க?" ஒவ்வொரு வைத்தியத்துக்கும் கார் ஒரு நாள் மரியாதையாக இருக்கும். மறுநாள் பழைய நடுக்கம்.

எங்கள் பக்கம் பனிக்காலத்தில், வீட்டுக்கு வந்ததும் சூடான என்ஜின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிடுவோம். காலையில் கார் சிணுங்காது. நானும் இரண்டாக மடித்துப் போர்த்துவேன். எனக்குக்கூட அப்படி யாரும் போர்த்திவிடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சாக்கை இழுத்தபோது, மடிப்புக்குள்ளிருந்து ஓர் எலி குதித்து, என் செருப்பின் மேல் ஏறித் தேயிலைக்குள் ஓடியது. அது இருந்த இடத்தில் சாக்கு நாரும், காணாமல் போன என் காலுறையும் சேர்ந்து மெத்தையாகக் கிடந்தன. எனக்குத் தெரியாமலே வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறது.

சந்தேகம் வந்து என்ஜினை ஸ்டார்ட் செய்தேன். எலி இருந்த மூலையில் 'உஸ்ஸ்' என்று காற்று உறிஞ்சும் சத்தம். கார்பரேட்டருக்குப் பின்னால் இருந்த சின்ன ரப்பர் டியூபில் பல் பதிந்த ஓட்டை. விரலால் அடைத்தேன். நடுக்கம் நின்றது. விரலை எடுத்தேன், நடுங்கியது. மறுபடி வைத்தேன். நான் தொட்டு ஒன்று அமைதியாவது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மத்தியானத்துக்குள் புது டியூப் போட்டாயிற்று. பொனட்டில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாலும் தளும்பாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் நெருங்கியதும், என்ஜினை ஓடவிட்டு, பொனட்டைத் திறந்து அதன் முன்னால் போய் நின்றேன். கார் சுகமாகிவிட்டால் மகன் எதற்குத் தினமும் கூப்பிடுவான்? புது டியூபைப் பிடுங்கிவிட ஒரு நொடி போதும். கை அதன் மேல் இருக்கும்போதே போன் அடித்தது. பிடுங்கவில்லை. போனை என்ஜின் பக்கம் நீட்டினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா."

"ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கு."

போனை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"என்ன செஞ்சீங்க?"

"எலி டியூப கடிச்சிருந்துச்சு. மாத்திட்டேன்."

"எலியா! நான் இங்க மண்டைய ஒடைச்சிக்கிட்டு கெடக்கேன்!" விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியது. 'சரிப்பா, வைக்கிறேன்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"அப்பா..." என்றான். "பிரேக் புடிக்கறப்ப சத்தம் ஏதும் வருதா?"

"லேசா வருது."

"அப்ப நாளைக்கு கேட்டுப் பாப்போம்."

போனை வைத்துவிட்டு, காரை வீட்டு முன் இறக்கத்தில் உருட்டி பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மிதித்தேன். ம்ஹும். என்ன மாதிரிச் சத்தம் என்று நாளைக்குள் யோசித்து வைக்க வேண்டும்.