மூக்குத் துணிக்கு வைத்த எண்ணெய்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் மாமாவுக்கு எண்ணெய்க் குளியல். அம்மாவின் தம்பியான அவர் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணம் ஆகாததால் எங்களோடு சிங்காநல்லூரில் இருந்தார். நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் ஒரு சனிக்கிழமை, தன் தலையை விட்டுவிட்டுக் காரின் ஏர் ஃபில்டரைக் குளிப்பாட்ட உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் கரைத்த கிண்ணத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பட்டறை நண்பர்களோடு சேர்ந்து அவரே பிரித்து மாட்டியது. சூலூர் தாண்டிச் செம்மண் காட்டில் நடக்கும் பந்தயங்களுக்கு அதை ஓட்டிப்போவார். பரிசு எதுவும் கொண்டுவந்ததாக நினைவில்லை. செம்மண் நிறையக் கொண்டுவருவார். அதற்காகவே சிங்கப்பூர் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி அந்த ஃபில்டரை வரவழைத்திருந்தார். அழுக்கானதும் தூக்கிப்போடும் காகித ஃபில்டர் இல்லையாம் இது. கழுவி எண்ணெய் வைத்தால் காலத்துக்கும் உழைக்குமாம். வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் இதைச் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டார் என்பது அம்மாவின் தீராத வருத்தம்.

ஃபில்டர் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். நடுவில் ஓட்டை, சுற்றிலும் என் பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி மடிப்பு மடிப்பாகத் துணி, அதன் இருபுறமும் கம்பி வலை. அப்பா அதை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"வெறும் பஞ்சுத் துணிதான மாப்ளே. நம்மூர் நூலாக்கூட இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அப்பா பக்கத்து நூல் மில்லில், பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மெஷினுக்குள் போடும் ப்ளோ ரூமில் வேலை செய்தார். வீடு திரும்பும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவருடைய இருமல் ஒரு விசித்திரமான இருமல். ஞாயிறு விடுமுறையில் அநேகமாக இருக்காது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்வந்தால் நெஞ்சை இறுக்கி, சுவரில் கையூன்றி நிற்க வைத்துவிடும். வாரம் போகப்போகக் கொஞ்சம் தணியும். எனக்கும் திங்கட்கிழமை காலையில் தவறாமல் வயிற்றுவலி வரும். ஆகவே இது எங்கள் இருவருக்கும் பொதுவான நோய் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் என் வலி பள்ளி மணி அடித்ததும் போய்விடும். அவர் சுவரோரம் நிற்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

மாமா சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஃபில்டரை ஊறவைத்தார். பிறகு நடு ஓட்டைக்குள் ஹோஸை விட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டார். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு உள்ளே ஏறிவிடுமாம். செங்கல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. பிறகு அதை நிழலில் சாய்த்து வைத்தார். வெயிலும் ஆகாது, காற்றடித்துக் காயவைக்கவும் கூடாது என்று எங்களையும் அந்தப் பக்கம் விடவில்லை.

"ஊரே எண்ணெய் வெச்சுட்டுக் குளிக்குது. இவன் குளிப்பாட்டிப்போட்டு எண்ணெய் வெக்கறானாமா" என்றாள் அம்மா.

மறுநாள் அது நன்றாகக் காய்ந்து வெளுத்திருந்தது. மாமா ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். உள்ளே ரத்தச் சிவப்பில் எண்ணெய். ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரு கோடு மட்டும் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, சிவப்பு தானாகத் துணியில் பரவியது. பரவாத இடத்தில் இன்னொரு சொட்டு. எனக்கு அது ஏதோ வித்தை போல இருந்தது. எண்ணெய் எதற்கு மாமா என்று கேட்டேன்.

"எண்ணெய் இல்லாட்டிப் பொடித்தூசி நேரா இஞ்சின் நெஞ்சுக்குப் போயிருங் கண்ணு. எண்ணெய் இருந்தா வெளிப்பக்கமே ஒட்டிக்கும். உள்பக்கம் சுத்தமா இருந்தாத்தான் ஃபில்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நெஞ்சு என்று அவர் சொன்னதும் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. அப்பா மில்லில் மூக்குக்குக் கட்டிக்கொள்ளும் துணியை அம்மாதான் பழைய வேட்டியில் தைத்துக் கொடுத்திருந்தாள். அதுவும் பஞ்சுத் துணிதான். இத்தனை நாளாக யாரும் அதற்கு எண்ணெய் வைக்கவில்லை!

மாமா காரை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் காரியத்தில் இறங்கினேன். துவைத்துக் காய்ந்திருந்த மூக்குத் துணியை மடிப்பு மடிப்பாகப் பிடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் சிவப்பு எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். பரவாத இடத்தில் மறுபடி விட்டேன். வேட்டித் துணி ஃபில்டரைவிட அதிகம் குடித்தது. பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம்.

சாயங்காலம் அப்பாவிடம் துணியைக் கொடுத்து, எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் அதை விரல் நுனியால் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு இதத்தான் கட்டோணுங்கப்பா" என்றேன்.

"செரீங்க அம்மணி" என்று அதைக் காகிதத்தில் சுற்றித் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாமா பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "ஏனுங்க்கா, எண்ணெயெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கத்திக்கொண்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பா நிதானமாக, "சைக்கிள் செயினுக்கு நாந்தான் உட்டுப்போட்டேன் மாப்ளே" என்றார். மச்சானை எதிர்த்துப் பேசும் பழக்கம் மாமாவுக்குக் கிடையாது. அன்று ராத்திரி சோற்றில் கோபத்தைக் காட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளியில் எனக்கு எதுவுமே ஏறவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்து வாசலில் நின்றேன். தெருமுனையில் அப்பா தெரிந்தார். மூக்குத் துணியைக் கட்டிக்கொண்டே வந்தார்! வழக்கமாக மில்லிலேயே கழற்றி மடித்துவிடுவார். வீட்டுக்குள் வந்து அவிழ்த்து என் கையில் கொடுத்தார். துணி தெரியாத அளவுக்கு வெள்ளை வெளேரென்று பஞ்சு. அவர் கன்னத்தில் சிவப்பாக எண்ணெய்க்கறை.

"இன்னைக்கு இருமலே இல்லீங் கண்ணு" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. துணியை மாமாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எண்ணெய்த் திருட்டு வெளியாகிவிடுமே என்றுகூடத் தோன்றவில்லை. "பாருங்க மாமா, உங்க ஃபில்டர்ல ஒரு பக்கந்தான ஒட்டுச்சு. இதுல ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்குது!" என்றேன்.

மாமா துணியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். துணியைப் பத்திரமாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பல வருடம் கழித்து நானும் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள எதையும் ப்ளோ ரூமுக்குள் விடமாட்டார்கள் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். பஞ்சில் ஒரு சொட்டு பட்டாலும் நூல் வரை கறை போகும், ஆளுக்கு வேலை போகும். அப்பா அன்று அந்தத் துணியைப் பையை விட்டு வெளியே எடுத்திருக்கவே முடியாது. பகல் முழுக்க மூக்கில் ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டு, வேலை முடிந்ததும் எங்கோ கழிவுப் பஞ்சில் அதை இரண்டு பக்கமும் புரட்டி எடுத்திருக்கிறார்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா அவசரமாக, சுவரில் கையூன்றியபடி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஒரு சொம்பு தண்ணீர் வீணானால்கூடத் திட்டுகிற அம்மா, அடுப்பில் சுக்குத் தண்ணீர் வைத்தாள். அப்பா கன்னத்துச் சிவப்பைக் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமைக்குள் இன்னொரு பாட்டில் வாங்கிவிட முடியுமா என்று மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.