மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?

என் கணவர் அரசு ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடந்தபோது, பார்க்க வந்தவர்களில் ஒருவர் மட்டும்தான் கண்ணீர் விட்டு அழுதார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஒரு கையில் சாத்துக்குடி, இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "மாமா, இப்டி வந்து படுத்துக்கினு இருக்கியே மாமா" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்த நேரம் அது. அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தார்.

நான் வந்தவரைக் கணவர் வழிச் சொந்தம் என்று நினைத்தேன். கணவரின் அண்ணன் அவரை என் பிறந்த வீட்டு ஆள் என்று நினைத்தார். எங்கள் பக்கத்தில், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்த உறவிடம் "நீங்க யாரு" என்று கேட்டால் அதோடு சரி. செத்தாலும் வாழ்ந்தாலும் வாசலை மிதிக்க மாட்டார்கள். அதனால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஓடிப்போய் அவருக்கு டீ வாங்கி வந்தார்.

கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய், அதைத் திரும்பச் சுற்ற விழுப்புரத்தில் கொடுத்திருந்தோம். அதை வாங்கி வருவதற்காகத் திண்டிவனத்தில் பஸ் ஏறியவர் என் கணவர். தனியார் பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் டிரைவர் கொண்டுபோய் மோதிவிட்டான். முன்படி பக்கத்தில் நின்றிருந்த இவருக்குத் தலை கம்பியில் அடித்து, மண்டை ஓட்டில் விரிசல். பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். இனி வலிப்பு வரலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். பிரம்மதேசம் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் கொஞ்சம் நிலம். அதில் இறங்கி வேலை செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை. பெண் நர்சிங் படிக்கிறாள். நஷ்டஈடு வந்தால்தான் அவருக்கு வைத்தியமும் எங்களுக்குச் சோறும் என்ற நிலை.

வெள்ளைச் சட்டைக்காரர் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தார். ஸ்கேன் எடுக்கத் தள்ளுவண்டி பிடித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எப்.ஐ.ஆர். நகல் வாங்கி வந்தார். விழுப்புரத்தில் தனக்குத் தெரிந்த வக்கீல் இருப்பதாகச் சொல்லி ஒரு கட்டுத் தாளை நீட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவரின் கட்டைவிரலை அவரே பிடித்து, மையில் வைத்து, வெற்றுத் தாளில் அழுத்தினார். அந்த மை பல நாள் போகவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்தில் அண்ணன் என்னிடம், "உங்க பக்கத்து ஆளு நல்லா ஓடியாடி செய்யறாருமா" என்றார்.

"எங்க பக்கமா? அவரு உங்க சொந்தம் இல்லையா?" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளைச் சட்டைக்காரர் ஆஸ்பத்திரி வார்டுகளில் சுற்றி வக்கீலுக்குக் கேஸ் பிடித்துத் தரும் புரோக்கர் என்று பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். அவர்களிடமும் அப்படித்தான் வந்தாராம். அங்கே அவர் சித்தப்பா மகனாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. யாராக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தினார்.

வாரம் தவறாமல் புரோக்கரிடமிருந்து போன் வரும். "மாமாவுக்கு இப்ப எப்டி இருக்கு?" வேறு பேச்சே கிடையாது. கேஸ் போட்டாச்சா என்று நான் கேட்டால், "அதெல்லாம் நடந்துக்கினு இருக்கு, பேஜாரு ஆவாதீங்க" என்பார். ஆரம்பத்தில், கூடப் பிறந்தவர்களே இப்படி விசாரிப்பதில்லையே என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. போகப்போகத்தான் ஒன்று காதில் உறுத்தியது. இன்று எழுந்து வாசல்வரை நடந்தார் என்று சொன்னால், "அப்டியா" என்று வைத்துவிடுவார். வலிப்பு வந்தது என்று சொன்னால் விடமாட்டார். எவ்வளவு நேரம் வந்தது, நுரை தள்ளியதா, எந்த டாக்டர் பார்த்தார், சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போவார். அந்த நாட்களில் அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு இருக்கும்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கணவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தலையில அடிபட்ட கேசு. நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா, அழுதுக்கினு உடனே எடுத்துடாதீங்க. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். மொதல்ல எனக்குப் போன் போடுங்க. இல்லன்னா, ஆக்சிடெண்டாலதான் போனாருன்னு கோர்ட்டுல நிக்காது."

அவரே தொடர்ந்தார். "இப்ப போட்டா இது காயம்பட்ட கேசு. இன்னாத்த குடுத்துடப் போறான்? அதுவே அப்டி ஆயிடுச்சுன்னா வேற கணக்கு. அதான் வக்கீல் சாரு கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னாரு."

எழுந்து செருப்பை மாட்டியவர் உள்பக்கம் எட்டிப் பார்த்து, "மாமா, வர்றேன்" என்றார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் குடித்த டம்ளரை நான் கழுவவில்லை. கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வீசினேன். என் வாழ்நாளில் ஒரு மனிதன் மீது அவ்வளவு வெறுப்பு எனக்கு வந்ததில்லை.

மறுநாளே திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனேன். வளாகத்துக்குள் இலவச சட்ட உதவி மையம் இருப்பதாக எங்கள் ஊர்த் தையல் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த பெண் வக்கீல் பொறுமையாகக் கேட்டார். விழுப்புரத்தில் விசாரித்துப் பார்த்து, மனுவே தாக்கல் ஆகவில்லை என்றார். ஆறு மாதத்துக்குள் போட வேண்டுமாம். பெரும்பாலான நாட்கள் ஓடிப்போயிருந்தன. "அவங்களுக்காக இன்னும் காத்திருந்தீங்கன்னா ஒண்ணுமே கிடைக்காம போயிடும்மா. பேப்பரெல்லாம் ஸ்டேஷன்ல மறுபடியும் வாங்கிக்கலாம். அவரக் கூட்டிக்கினு வாங்க, நான் போடறேன்" என்றார்.

அந்தக் காகிதங்களுக்கு நான் அலைந்துகொண்டிருந்த நாட்களில் இவருக்கு வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ரத்தமாகக் கிடப்பார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் சந்தேகமாகக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையாலேயே எடுத்து, தண்ணீரும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன் என்றேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

இவருக்குப் பஸ் என்றாலே உடம்பு நடுங்கும். அதனால் ஆட்டோ வைத்துத் திண்டிவனம் அழைத்துப் போனேன். வக்கீல் காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். விபத்துக்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்டது அன்றுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"மேடம், சும்மா ஒண்ணு கேக்கறேன். ஆளு இருந்தா எவ்ளோ வரும், ஆளு இல்லன்னா எவ்ளோ வரும்?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கறீங்க?"

"தெரிஞ்சிக்கலாம்னுதான். பொண்ணு படிச்சிக்கினு இருக்குது."

வக்கீல் என்னைத்தான் பார்த்தார். அன்று அந்தப் புரோக்கர் வாசலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசிய பேச்சு உள்ளே எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே டீக்கடைக்கு அழைத்துப்போய், "மாத்திர போடறீங்களா இல்லையா?" என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார். திரும்பவும் கேட்டேன். சட்டைப் பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் எடுத்து வைத்த மாத்திரைகள். கை நிறைய இருந்தன.

"தூக்கிப் போட மனசு வரல. காசு போட்டு வாங்கினது" என்றார்.

நான் அவரை அடித்தேன். டீக்கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க, தோளிலும் முதுகிலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "நீங்க போயி வர்ற சோத்த நாங்க திம்போமா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தேன், அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மாத்திரையை விழுங்க வைத்தேன்.

வழக்குக்கு நம்பர் வந்துவிட்டது. இன்னும் நடக்கிறது. புரோக்கர் வேறு வேறு எண்ணிலிருந்து போன் செய்து பார்க்கிறார், நான் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறேன். மாத்திரையை இப்போது நானே வாயில் போடுகிறேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். முதலில் வெட்கப்பட்டார். இப்போது நான் கேட்காமலே திறந்து காட்டுகிறார். அப்படியும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.