ஆடாமல் போட்ட டிக்

2000-களின் நடுவில் கோவளத்தில், ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடியோ கேம் ஆடிப் பார்ப்பதுதான் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கேமை நாள் முழுக்க ஆடி, எங்கே நகராமல் நின்றுவிடுகிறது, எங்கே ஆளின் கால் சுவருக்குள் போகிறது என்று எழுதித் தர வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூரில் பஸ் மாறி வந்துபோவேன்.

அந்த வருடம் வந்தது ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். எப்போதோ வரப்போகும் காலத்தில், விண்வெளியில் மிதக்கும் நிலையத்தில் நடப்பது. கவசம் போட்ட வீரனை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடி ஓட்ட வேண்டும். ஓடுவான், முழங்காலில் சறுக்குவான், சறுக்கிக்கொண்டே சுடுவான். ஒரு நொடி நின்றால் ரோபோக்கள் சூழ்ந்துவிடும். ஒன்பதாம் கட்டத்தில் தரையே சுழலும். அதை ஆடினாலே எனக்குத் தலை சுற்றி வாந்தி வரும். ஒரு வெள்ளிக்கிழமை பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மிச்சத்தை ஆடாமலேயே பட்டியலில் 'சரி' என்று டிக் போட்டேன்.

மறுநாள் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். கோவளத்திலேயே பிறந்தவர், என்னைப் போல அவரும் டெஸ்டர்.

"ஒம்பதாவதுல லிஃப்ட் கதவு மூடறப்போ சறுக்குனா, கேம் அப்டியே நின்னுடுது. ஒரு வாட்டிதான் வந்துச்சு. உனுக்கு வந்துச்சா?"

"இல்லையே, நல்லாத்தான் போச்சு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ என் மிஷின்தான் பேஜார் பண்ணுது." அதை அவர் எழுதாமலே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மாலை கேமைச் சோதித்து முடித்ததாக வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பவேண்டும். ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னவென்று கணவர் இரண்டு முறை கேட்டார், தலைவலி என்றேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு பக்கம். பக்கத்து சீட்டுக்காரர் தன் கண்ணால் பார்த்ததை என் பேச்சை நம்பி விட்டுவிட்டாரே என்பதுதான் அதைவிட உறுத்தியது.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போனதும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். "நான் அதை முழுசா ஆடவே இல்ல."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இன்னா சொல்ற நீ? உன் பேச்ச நம்பித்தானே வுட்டேன்! வா, இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லு. நானும் வரேன்."

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை, அதுவே பயமாக இருந்தது.

"ஒரு தடவைதான் வந்துச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எனக்குக் காட்டுங்க. அஞ்சு மணிக்குள்ள காட்டுனா அனுப்பாம நிறுத்திடறனுங்க."

உட்கார்ந்தேன். சுழலும் நடைபாதை, லிஃப்ட், கதவு, சறுக்கல். கதவு ஒழுங்காக மூடியது. மறுபடி. மறுபடியும் ஒழுங்காக மூடியது. மதியம் வாந்தி எடுத்தேன். "எழுந்திரு, நான் ஆடறேன்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நான் எழுந்திருக்கவில்லை. மணி நாலரை ஆகிவிட்டது.

"அன்னிக்கு நான் சுட்டுகினே சறுக்குனேன்னு நெனைக்கிறேன். சும்மா சறுக்காத, சுடு" என்றார்.

சுட்டுக்கொண்டே சறுக்கினேன். கதவு பாதி மூடியிருந்தது. வீரன் ஒரு முழங்கால் மடிந்தபடி அப்படியே உறைந்தான். ஸ்பீக்கர் ஒரே சத்தத்தில் இரைந்தது. பின்னால் நின்ற மேனேஜர் உடனே போனை எடுக்கப் போனார்.

கேம் ஒரு வாரம் தள்ளிப்போனது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன்பிறகு நான் 'சரி' போட்ட எதையும் பக்கத்து சீட்டுக்காரர் தானும் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். முன்போலவே சிரித்துப் பேசுவார், டீ வாங்கித் தருவார், ஆனாலும் ஆடிப் பார்ப்பார். நானும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போக எட்டு மாதம் ஆனது.